பிரவீனனின் மூன்று வருடக் கணக்கு

மார்ச் மாதத்துச் சனிக்கிழமைகளில், கனடாவின் மார்க்கம் நகரில் உள்ள ஒரு கத்தோலிக்க ஆலயத்தின் கீழ்த்தள மண்டபத்தில் வருமானவரிப் பத்திரங்களை இலவசமாக நிரப்பிக் கொடுப்பார்கள். வருமானம் குறைந்தவர்களுக்கும் ஓய்வூதியத்தில் வாழும் முதியவர்களுக்குமான உதவி அது. ஐந்து மேசைகள், ஐந்து மடிகணினிகள், வாசலில் இலக்கத் துண்டு கொடுக்க ஒருவர். மூன்றாவது மேசை கிளடிஸினுடையது.

கிளடிஸ் மன்னாரைச் சேர்ந்தவள். ஐம்பத்தாறு வயது. கிழமை நாட்களில் ஒரு கொம்பனியின் சம்பளப் பிரிவில் வேலை. பதினொரு வருடமாக இந்த மேசைக்கு வருகிறாள். யார் வந்து உட்கார்ந்தாலும் அவளது முதற்கேள்வி ஒன்றுதான்: போன வருடம் வீட்டில் ஏதாவது மாற்றம் உண்டா? கல்யாணம், பிரிவு, பிள்ளைப்பேறு, வீடு மாறியது என்று எதுவாக இருந்தாலும் அது பத்திரத்தில் ஏதோ ஒரு கட்டத்தைத் தொடும். பெரும்பாலானவர்கள் ஒன்றுமில்லை என்பார்கள். சிலர் பேரப்பிள்ளையின் படத்தைக் கைபேசியில் காட்டுவார்கள்.

அன்று பதினான்காம் இலக்கத்துக்கு வந்தவர்கள் ஒரு வயதான கணவனும் மனைவியும். சிவபாதம், மங்கையற்கரசி. பக்கத்து ஊரான ஸ்ரௌவ்விலில் இருந்து யாரோ காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டிருந்தார்கள். சிவபாதத்துக்கு எழுபத்துநான்கு வயது. இருவரின் ஓய்வூதியத் துண்டுகளையும் ஒரு பெரிய கடித உறைக்குள் ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தார். கிளடிஸ் தன் வழக்கமான கேள்வியைக் கேட்டாள்.

"வீட்டிலை ஒராள் குறைஞ்சுபோச்சு, தங்கச்சி" என்றார் சிவபாதம். "மகன். செப்டெம்பரிலை, கார் அக்சிடென்ற்."

கிளடிஸ் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்தாள். மங்கையற்கரசி மடியிலிருந்த கையுறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகனின் பெயர் பிரவீனன் என்றும், வயது முப்பத்தாறு என்றும், கல்யாணம் ஆகவில்லை என்றும் சிவபாதம் சொன்னார். இவ்வளவு காலமும் தங்கள் இருவரின் பத்திரத்தையும் அவன்தான் சாப்பாட்டு மேசையில் கணினியை வைத்துக்கொண்டு செய்தானாம். கேட்காவிட்டாலும் ஒவ்வொரு வரியையும் விளங்கப்படுத்துவானாம்.

அவர்களுடைய பத்திரங்கள் இருபது நிமிடத்தில் முடிந்துவிட்டன. ஏப்ரல் முடிவதற்குள் இதை அனுப்பாவிட்டால் ஜூலையில் வருமான உதவித்தொகை நின்றுபோகும் என்று கிளடிஸ் சொன்னாள். அவனும் அதைத்தான் சொல்வான் என்றார் சிவபாதம். பிறகு கதிரையின் கீழிருந்து ஒரு துணிப்பையை எடுத்து மேசையில் வைத்தார்.

"இது அவன்ரை."

மங்கையற்கரசி எழுந்து, குளிரங்கியை எடுத்துவருகிறேன் என்று சொல்லிவிட்டு மண்டபத்தின் மறுமூலைக்குப் போனார். அங்கே கொக்கிகளில் தொங்கிய அங்கிகளுக்கு நடுவில் நெடுநேரம் நின்றார். தாய் மனம் தாங்கவில்லை என்றுதான் கிளடிஸ் நினைத்தாள்.

இந்த மேசையில் எவற்றைச் செய்யக்கூடாது என்று ஒரு பட்டியல் உண்டு. சொந்தத் தொழில் வருமானம், வாடகை வருமானம், கடன் கட்டமுடியாத வங்குரோத்து நிலை. இறந்தவர்களின் கடைசிப் பத்திரமும் அதில் இருந்தது. அதற்குச் சட்டச் சிக்கல்கள் அதிகம் என்பதால் தொண்டர்கள் கைவைக்கக்கூடாது. கிளடிஸ் அதை முடிந்தவரை மெதுவாகச் சொன்னாள். சிவபாதம் பட்டியலை வாசித்துவிட்டு, பையைத் திரும்பத் தன் மடியில் வைத்துக்கொண்டார். ஒரு கணக்காளரிடம் போனதாகவும், காகிதங்களை ஒழுங்குபடுத்திக்கொண்டு வரச் சொல்லி அவர் திருப்பி அனுப்பியதாகவும் சொன்னார். எது என்ன காகிதம் என்று தனக்குத் தெரியவில்லை என்றார். அதை மட்டும் யாராவது சொல்லித் தந்தால் போதும்.

வெளியே இன்னும் பதினொரு பேர் காத்திருந்தார்கள். கிளடிஸ் தன் தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்தாள். நாளைக்குப் பூசை முடிய வீட்டுக்கு வருகிறேன், மண்டபத்து ஆளாக வரவில்லை, தெரிந்தவளாக வருகிறேன் என்றாள். காகிதங்களைப் பிரித்து ஒழுங்குபடுத்தினால், சச்சிதானந்தன் என்று தனக்குத் தெரிந்த ஒரு கணக்காளர் மிச்சத்தைப் பார்ப்பார்.

போகும்போது சிவபாதம் திரும்பி வந்து குனிந்து கேட்டார்.

"இந்தக் காகிதங்களிலை அவன் எங்கை வேலை செய்தவன் எண்டு இருக்குமோ?"

இருக்கும் என்றாள் கிளடிஸ். மகன் மார்க்கத்தில் ஒரு கம்பியூட்டர் கொம்பனியில் மனேச்சர் என்று அவர் சற்று முன்தான் சொல்லியிருந்தார். பிறகு ஏன் கேட்கிறார் என்று அவளுக்கு விளங்கவில்லை.

மறுநாள் பிற்பகல் அவள் ஸ்ரௌவ்விலுக்குப் போனாள். தெருவோரத்தில் வழித்துத் தள்ளிய பனி கறுத்துப்போய்க் கிடந்தது. நான்கு அறை வீடு. விலைகள் உச்சத்தில் இருந்தபோது தகப்பனும் மகனும் சேர்ந்து வாங்கியது. கூடத்தில் பிரவீனனின் படம் இருந்தது. அதன் முன்னால் விளக்கு இருந்தது, ஆனால் ஏற்றப்படவில்லை. மங்கையற்கரசி தேநீர் வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார். சிவபாதம் பையிலிருந்த எல்லாவற்றையும் மேசையில் கொட்டினார்.

கிளடிஸ் வருடவாரியாக மூன்று அடுக்காகப் பிரித்தாள். பத்து நிமிடத்துக்குள் அவளுக்கு விளங்கிவிட்டது. முதல் வருடத்தின் சம்பளத் துண்டில் அரை வருடச் சம்பளம்தான் இருந்தது. அதோடு வேலையில்லாக் காலத்துக்கு அரசாங்கம் கொடுத்த காப்புறுதிப் பணத்தின் துண்டு. அடுத்த வருடத்தில் சம்பளத் துண்டே இல்லை. ஓய்வுகாலச் சேமிப்பிலிருந்து முப்பத்தெண்ணாயிரம் டொலர் எடுத்ததற்கு வங்கி கொடுத்த துண்டு ஒன்றும், பார்சல் விநியோகக் கொம்பனி ஒன்றின் வருடாந்தக் கூற்றும் இருந்தன. கடைசி வருடத்துக்கு அந்தக் கூற்று மட்டும்தான். அடியில் வரித் திணைக்களத்தின் கடிதங்கள் மூன்று, உறை பிரிக்கப்படாமல். அவள் அனுமதி கேட்டுப் பிரித்தாள். இரண்டு வருடப் பத்திரங்கள் இன்னும் வந்து சேரவில்லை, அனுப்பிவையுங்கள் என்று எழுதியிருந்தது. தாய்தகப்பனின் பத்திரத்தை ஒவ்வொரு வருடமும் நேரத்துக்கு அனுப்பியவன் தன்னுடையதை அனுப்பவேயில்லை.

தகப்பனுக்கு இது ஒன்றும் தெரியாது என்பது அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. எதுவும் சொல்லாமல் எல்லாவற்றையும் சச்சிதானந்தனிடம் கொடுத்துவிடலாம். அவர் செய்வார். இவர் அடியில் கையெழுத்து வைப்பார். ஆனால் அந்தக் கையெழுத்துக்கு மேலே, இதிலுள்ள தகவல்கள் சரியானவை, முழுமையானவை என்று உறுதிப்படுத்துகிறேன் என்று ஒரு வரி உண்டு. பதினொரு வருடத்தில் அவள் யாருக்கும் விளங்கப்படுத்தாமல் ஒரு காகிதத்தைக் கையெழுத்துக்கு நீட்டியதில்லை.

"அண்ணை, மகன் அந்தக் கொம்பனியிலை எப்ப மட்டும் வேலை செய்தவர்?"

"கடைசி நாள் மட்டும். ஏழரைக்கு வெளிக்கிட்டால் ஆறு மணிக்குத்தான் வருவான். சேட்டு அயன் பண்ணாமல் போகமாட்டான்."

கிளடிஸ் சம்பளத் துண்டை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். "இதிலை ஜூன் மட்டும்தான் சம்பளம் இருக்கு, அண்ணை. ரெண்டாயிரத்து இருபத்துமூண்டு ஜூன். அதோடை நிண்டுபோச்சு."

கொம்பனி பிழையாகப் போட்டிருக்கலாம் என்றார் அவர். அவள் இல்லை என்று தலையசைத்துவிட்டு மற்றத் துண்டுகளை ஒவ்வொன்றாக வைத்தாள். இது வேலை போனபின் கிடைத்த பணம். இது தன் சேமிப்பிலிருந்து எடுத்தது. அநேகமாக வீட்டுக் கடனுக்கு. இது தன்னுடைய காரில் வீடு வீடாகப் பார்சல் கொடுத்துச் சம்பாதித்தது. ஒரு வருடமும் எட்டு மாதமும்.

சிவபாதம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொண்டு பார்சல் கொம்பனியின் கூற்றை மேலிருந்து கீழ்வரை வாசித்தார். தலைப்பில் மகனின் முழுப்பெயரும் வீட்டு முகவரியும் இருந்தன.

"அப்ப அண்டைக்கு அஜக்ஸிலை..."

"பார்சல் குடுக்கப் போயிருப்பார்."

விபத்து நடந்தது ஒரு வியாழக்கிழமை, பிற்பகல் இரண்டு மணிக்கு, அஜக்ஸில். மார்க்கத்தில் அலுவலகத்தில் இருக்கவேண்டியவன் அந்த நேரத்தில் அங்கே என்ன செய்தான் என்று ஆறு மாதமாகத் தன்னைத்தானே கேட்டுக்கொண்டிருந்ததாக அவர் சொன்னார். அந்தத் தெருவிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு சூதாட்ட மண்டபம் இருக்கிறதாம். செத்தவீட்டில் உறவினர் ஒருவர் அதைக் காதோடு சொல்லியிருக்கிறார். அதன் பிறகு எல்லாம் பொருந்திவந்தது. மகன் முகம் கொடுத்துக் கதைக்காமல் போனது, புதுக் கார் வாங்கச் சொன்னபோது காசில்லை என்றது, கல்யாணப் பேச்சை எடுத்தால் எழுந்து போனது.

"நான் அவனோடை கோவமாய் இருந்தனான், தங்கச்சி" என்றார். "செத்த பிள்ளையோடை. இண்டைக்கு மட்டும்."

குசினியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

கிளடிஸ் வேலைக்குத் திரும்பினாள். வேறென்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. பார்சல் வேலை சொந்தத் தொழிலாகக் கணக்கிடப்படும், அதனால் காருக்குச் செலவழித்ததை வருமானத்திலிருந்து கழிக்கலாம் என்று விளங்கப்படுத்தினாள். பெற்றோல், காப்புறுதி, திருத்தவேலை எல்லாம். ஆனால் வேலைக்கு எத்தனை கிலோமீற்றர், சொந்தத் தேவைக்கு எத்தனை கிலோமீற்றர் என்று பிரித்துக் காட்டவேண்டும். அப்படி எழுதி வைக்கும் கொப்பி ஏதாவது அவருடைய காரில் இருந்ததா?

பொலிஸ் கொடுத்த பிளாஸ்ரிக் பை ஒன்று கராஜில் கிடந்தது. யாரும் அதைத் திறக்கவில்லை. சிவபாதம் போய் எடுத்துவந்தார். கண்ணாடி வெடித்த கைபேசி, ஒரு சுடுதண்ணீர்ப் போத்தல், கறுத்தக் கண்ணாடி. அவற்றின் அடியில் நீல மட்டை போட்ட கொப்பி ஒன்று.

பிரவீனன் அதைத் திறமாக எழுதியிருந்தான். திகதி, காலையில் மீற்றர் காட்டிய எண், மாலையில் காட்டிய எண், போன இடங்கள். விற்பி, ஒஷாவா, பிக்கரிங், அஜக்ஸ். கடைசி நிரலில் சொந்தப் பயணங்கள். அவன் மூன்று வயதில் கனடாவுக்கு வந்தவன். தமிழ் எழுதமாட்டான். ஆங்கில எழுத்தில் 'அப்பா கண்', 'அம்மா கோயில்' என்று குறித்திருந்தான்.

சிவபாதம் வாசிக்க, கிளடிஸ் கணினியில் பதிந்தாள். ஒரே நாளில் முடிகிற வேலையாக அது இருக்கவில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. முதலில் அவர் எண்களை மட்டும் வாசித்தார். போகப் போக நடுவில் நிறுத்தத் தொடங்கினார். ஒரு மார்ச் மாதப் பக்கத்தில், 'அப்பா காது' என்று இருந்த இடத்தில் நின்றார். காது கேட்கும் கருவி வாங்கப் போன நாள் அது. மகன் பத்து நிமிடம் பிந்தி வந்ததற்காகக் காருக்குள் வைத்து ஏசினாராம், பெரிய உத்தியோகம் பார்க்கிறவனுக்கு நேரம் தெரியாதோ என்று. கொப்பியில் அன்றைய பயணம் இருந்தது. காலையில் ஒஷாவா, பிறகு வீடு, காது வைத்தியர், வீடு, திரும்பவும் ஒஷாவா. மீதிப் பார்சல்களைக் கொடுக்கப் போயிருக்கிறான்.

"அவன் ஒண்டும் சொல்லேல்லை" என்றார் சிவபாதம். "சொறி அப்பா எண்டான்."

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அவர்கள் டிசம்பர் மாதத்துக்கு வந்தார்கள். நத்தார்ப் பண்டிகைக் காலம் பார்சல்காரருக்கு ஓய்வே இல்லாத காலம். ஆனால் கொப்பியில் பதினாறு நாட்கள் வெறுமையாக இருந்தன. ஒரு பக்கம் கிழிந்து போயிருக்கிறதா என்று கிளடிஸ் தடவிப் பார்த்தாள். கிழியவில்லை. கணக்கில் இப்படி ஓர் இடைவெளி இருந்தால் திணைக்களம் விளக்கம் கேட்கக்கூடும் என்றாள். அந்த நாட்களில் மகன் ஊரில் இல்லையா? சிவபாதத்துக்கு நினைவில்லை. ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போனவன்தான் என்றார்.

மங்கையற்கரசி குசினி வாசலில் நின்றார். கையில் ஈரத்துணி இருந்தது.

"அந்த ரெண்டு கிழமையும் அவனுக்கு இடுப்பிலை நாரிப்பிடிப்பு" என்றார். "வேலைக்குப் போகேல்லை. நீங்கள் மேலை இருக்கேக்கை வெளியிலை போறமாதிரிப் போய், காரை அடுத்த தெருவிலை விட்டிட்டு, பக்கத்துக் கதவாலை வந்து பேஸ்மென்ரிலை படுத்திருந்தவன். நான்தான் எண்ணெய் பூசிவிட்டனான்."

சிவபாதம் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"உமக்குத் தெரியுமோ?"

"தெரியும்."

"எப்ப இருந்து?"

"துவக்கத்திலை இருந்து." அவர் வந்து கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டார். உட்காரவில்லை. "உங்களுக்கு நெஞ்சு ஒப்பரேசன் நடந்த கிழமைதான் அவனுக்கு வேலை போனது. அப்பாவுக்குச் சொல்லாதேங்கோ, தாங்கமாட்டார் எண்டான். வேறை வேலை கிடைச்ச உடனை தானே சொல்லுறன் எண்டான். எத்தினை இடத்துக்கு எழுதிப் போட்டவன். கிடைக்கேல்லை."

"அவன் போனாப்பிறகு சொல்லியிருக்கலாமே."

"நீங்கள் செத்தவீட்டிலை மைக்கைப் பிடிச்சு, என்ரை மகன் மனேச்சர் எண்டு எல்லாருக்கும் சொன்னியள். அதுக்குப் பிறகு நான் என்னெண்டு சொல்லுறது?" மங்கையற்கரசியின் குரல் உயரவில்லை. "சூதாடப் போனவன் எண்டு நீங்கள் நினைச்சுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. போன கிழமை இந்தப் பிள்ளைக்குச் சொல்லேக்கைதான் உள்ளுக்கு நிண்டு கேட்டன். முந்தியே தெரிஞ்சிருந்தால் அப்பவே சொல்லியிருப்பன்."

தான் எழுந்து போகவேண்டும் போல் கிளடிஸுக்கு இருந்தது. ஆனால் அப்படிப் போவதும் ஒரு சத்தம் போடுவதுபோல் ஆகிவிடும் என்று உட்கார்ந்திருந்தாள். சிவபாதம் இரண்டு கைகளையும் கொப்பியின் மேல் வைத்திருந்தார். ஒப்பரேசன் முடிந்து வீட்டுக்கு வந்தபின் நடந்ததெல்லாம் அவருக்கு ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்திருக்கவேண்டும். மகன் விடுமுறை எடுத்துத் தன்னைப் பார்த்துக்கொண்டான் என்று அவர் எல்லோருக்கும் சொல்லித் திரிந்திருக்கிறார். ஆறு கிழமை. கொம்பனி அவனை மதிப்பதால்தான் அவ்வளவு விடுமுறை கொடுக்கிறது என்றும் சொல்லியிருக்கிறார்.

பிறகு பக்கத்துக் கதிரையை அவர் காலால் தள்ளிவிட்டார்.

"இரும்" என்றார் மனைவியிடம். "எனக்குத் தெரியாத நாளுகளை நீர் சொல்லும்."

மங்கையற்கரசி உட்கார்ந்தார். அதன் பிறகு கொப்பியை அவர்கள் இருவரும் சேர்ந்து வாசித்தார்கள். சிவபாதம் எண்ணைச் சொல்வார். மங்கையற்கரசி அந்த நாளைச் சொல்வார். பனிப்புயல் அன்று விற்பியில் காரைத் தள்ளித் தந்த கிழவனைப் பற்றி, நாய் கடிக்க வந்த வீட்டைப் பற்றி, ஒரு வீட்டில் யாரோ பிள்ளைத்தாய்ச்சிக்குத் தொட்டிலை மேல்மாடிவரை தூக்கிக் கொடுத்ததைப் பற்றி. மகன் மாலையில் குசினிக்குள் வந்து நின்று இதையெல்லாம் தாயிடம் சொல்லியிருக்கிறான். தகப்பன் அந்த நேரம் கூடத்தில் தொலைக்காட்சியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்திருப்பார். கிளடிஸ் தலை நிமிராமல் பதிந்துகொண்டே இருந்தாள்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை கொப்பி முடிவுக்கு வந்தது. கடைசி வரி செப்டெம்பர் பதினெட்டு. காலை எண் மட்டும் இருந்தது. ஒரு லட்சத்து எண்பத்தேழாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. மாலை எண்ணுக்கான இடம் வெறுமை.

அந்த ஒரு நாளை விட்டுவிடலாம், அதனால் வரும் வித்தியாசம் சில டொலர்கள்தான் என்றாள் கிளடிஸ். சிவபாதம் வேண்டாம் என்றார். கார்க் காப்புறுதிக் கொம்பனியின் கடிதத்தைத் தேடி எடுத்தார். நொறுங்கிய காரைப் பார்த்தவர்கள் மீற்றரில் இருந்த எண்ணை அதில் குறித்திருந்தார்கள். நானூற்றுப் பன்னிரண்டு, ஐந்நூற்று மூன்றாக ஆகியிருந்தது. தொண்ணூற்றொரு கிலோமீற்றர்.

"நான் எழுதலாமோ?" என்று கேட்டார்.

எழுதலாம், ஆனால் எங்கிருந்து எடுத்தீர்கள் என்று பக்கத்தில் குறிப்பிடவேண்டும், கடிதத்தையும் பத்திரமாக வைத்திருக்கவேண்டும் என்றாள் கிளடிஸ். அவர் பேனையை எடுத்து, மகனின் எழுத்துக்குப் பக்கத்தில் அந்த எண்ணை எழுதினார். ஒவ்வோர் இலக்கமாக எழுதினார். கடைசி இலக்கத்தில் பேனை நின்றுவிட்டது. மங்கையற்கரசி அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் முடித்து, போன இடம் என்ற நிரலில் அஜக்ஸ் என்று தமிழில் எழுதினார்.

சச்சிதானந்தன் ஏப்ரல் மூன்றாவது கிழமையில் மூன்று பத்திரங்களையும் முடித்துக் கொடுத்தார். தன் கூலி என்று எதையும் வாங்கவில்லை. கிளடிஸ் அவற்றை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய், ஒவ்வொரு பக்கத்தையும் இருவருக்கும் விளங்கப்படுத்தினாள். முதல் வருடத்துக்குப் பிரவீனன் ஒரு சதமும் கட்டவேண்டியிருக்கவில்லை. வருடம் முழுவதும் வேலை செய்வான் என்ற கணக்கில் கொம்பனி கூடுதலாக வரி பிடித்திருந்தது. இரண்டாயிரத்து அறுநூறு டொலர் அவனுக்குத் திரும்பி வரவேண்டியிருந்தது. அடுத்த இரண்டு வருடங்களுக்கும் கட்டவேண்டும். பிந்தியதற்குத் தண்டமும் வட்டியும் உண்டு. எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால் நாலாயிரத்துக்குக் கொஞ்சம் கூட. கொப்பி இல்லாவிட்டால் பத்தாயிரத்தைத் தாண்டியிருக்கும்.

"அவங்கள்தான் அவனுக்குக் காசு குடுக்க இருந்தவங்களோ?" என்று சிவபாதம் கேட்டார். "முதல் வருசம்?"

"ஓம், அண்ணை."

"அப்ப ஏன் அனுப்பாமல் விட்டவன்?"

"சேமிப்பிலை எடுத்த காசுக்குப் பெரிசாய் வரி வரும் எண்டு பயந்திருப்பார். ஒண்டை அனுப்பினால் மற்றதையும் அனுப்பவேணுமே. பிறகு கடிதம் வந்திருக்கும். திறந்து பார்க்கவும் பயம்." அவள் பத்திரங்களை ஒழுங்காக அடுக்கினாள். "எங்கடை மேசைக்கு இப்பிடிக் கனபேர் வாறவை. மூண்டு வருசம், அஞ்சு வருசம் எண்டு திறக்காத கடிதங்களோடை. படிச்ச ஆக்களும்தான்."

தங்கள் மண்டபத்தில் யாராவது ஒருவரிடம் அவன் ஒரு சனிக்கிழமை வந்திருந்தால் என்ற நினைவு அவளுக்கும் வந்தது. அவன் ஒவ்வொரு நாளும் அந்த ஆலயத்தைத் தாண்டித்தான் போயிருப்பான். அதை அவள் சொல்லவில்லை. சிவபாதம் மூன்று இடத்தில் கையெழுத்து வைத்தார். இறந்தவரின் சட்டப் பிரதிநிதி என்று அச்சடித்திருந்த வரிக்கு மேலே. ஒவ்வொரு தடவையும் முழுப் பெயரையும் எழுதினார்.

அன்று அவள் வெளிக்கிட்டபோது படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

ஜூன் மாதத்தில் வீட்டை விற்றார்கள். வாங்கிய விலைக்குப் போகவில்லை. கடனைக் கட்டி, வரியைக் கட்டி, மிச்சத்தோடு மார்க்கத்தில் பஸ் போகும் தெருவில் ஒரு சிறிய அடுக்குமாடி வீட்டுக்கு வாடகைக்குப் போனார்கள். கிளடிஸ் இடைக்கிடை போய்ப் பார்த்தாள். அவர்கள் இருவருக்கும் இடையில் முன்பைவிடக் கதை கூடியிருந்தது என்று சொல்லமுடியாது. மங்கையற்கரசி எதையாவது சொல்லத் தொடங்கினால் சிவபாதம் தொலைக்காட்சியை நிறுத்திவிடுவார், அவ்வளவுதான். யாராவது மகன் என்ன வேலை பார்த்தவர் என்று கேட்டால், வேலை போனபிறகு பார்சல் கொடுத்தவன், வீட்டுக் கடனை ஒரு மாதமும் தவறவிடாதவன் என்று சிவபாதம் சொல்வதை அவள் ஒருமுறை கேட்டாள். காதோடு கதைத்த அந்த உறவினருக்கும் தொலைபேசி எடுத்து அதையே சொன்னாராம். அந்த ஆள் அதற்குப் பிறகு வருவதில்லை.

ஓகஸ்ட் நடுவில், கிளடிஸ் வேலையில் மதிய இடைவேளையில் இருந்தபோது அவரிடமிருந்து அழைப்பு வந்தது. திணைக்களத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது, வாசித்துச் சொல்லமுடியுமா என்று கேட்டார். கைபேசியில் படம் எடுத்து அனுப்பினார். முதற்படம் மங்கலாக இருந்தது. இரண்டாவது தெளிவாக இருந்தது. காலஞ்சென்ற பிரவீனன் சிவபாதத்தின் பேரில் வந்த கடிதம். மூன்று வருடங்களின் வரியும் முழுமையாகச் செலுத்தப்பட்டுவிட்டது, அவருடைய சொத்தைச் சட்டப்படி பகிர்ந்துகொள்ளலாம் என்ற சான்றிதழ் அதோடு இருந்தது.

நல்ல கடிதம்தான் என்றாள் கிளடிஸ். பயப்பட ஒன்றுமில்லை. இனி அவர் ஒரு சதமும் கட்டவேண்டியதில்லை, இதை மற்றக் காகிதங்களோடு ஆறு வருடம் வைத்திருந்தால் போதும்.

"எல்லாம் சரியோ?"

"எல்லாம் சரி, அண்ணை."

மறுமுனையில் கடிதத்தை மடிக்கும் சத்தம் கேட்டது.

"அப்ப இனி அவன்ரை பேருக்கு ஒண்டும் வராதோ?"

கிளடிஸ் கையிலிருந்த கரண்டியை வைத்தாள். வராது என்று சொல்லவேண்டியிருந்தது. அவள் எவருக்கும் பொய் சொன்னதில்லை.

"வராது, அண்ணை. அவரின்ரை கணக்கு முடிஞ்சுது."

அவர் சரி என்றார். பிறகு கைபேசியைக் காதிலிருந்து எடுத்து, மனைவியிடம் முடிஞ்சுதாம் என்று சொல்வது தூரத்தில் கேட்டது. மங்கையற்கரசி ஏதாவது சொன்னாரா என்று தெரியவில்லை. அழைப்பைத் துண்டிக்க அவர் மறந்துவிட்டார். ஒரு கதிரை இழுபடும் சத்தமும், அதன் பிறகு இருவரும் ஒன்றும் கதைக்காமல் இருப்பதும் கேட்டுக்கொண்டிருந்தது. இடைவேளை முடியும் வரைக்கும் கிளடிஸும் கைபேசியைக் காதில் வைத்தபடியே இருந்தாள்.